ஒரத்தநாட்டுச் சத்திரம்: வழிப்போக்கருக்கு ஒரு வீடு

நம் ஊர்ப்பக்கம் ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம், லாட்ஜ் என்றால் தங்கும் இடம். இரண்டுக்கும் காசு வேண்டும். இவை வருவதற்கு முன் வழிப்போக்கன் எங்கே உண்டான், எங்கே படுத்தான்? பெரியவர்களைக் கேட்டால் "சத்திரம் சாவடி" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். சாவடி என்பது தலை சாய்க்க ஒரு கூரை. சத்திரமோ சோறும் போடும். அந்தச் சத்திரத்தின் கதையை ஒரு சின்ன ஊரை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் சுமார் 23 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஒரத்தநாடுதான் அந்த ஊர்.

மும்பையில் வாழும் நமக்கு இதில் ஓர் உறவும் உண்டு. சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான தம்பி ஏகோஜி தஞ்சையில் தொடங்கிய போன்ஸ்லே ஆட்சி 1855 வரை நீடித்தது. காசியிலிருந்து இராமேசுவரத்துக்கு மாதக்கணக்கில் நடந்து வந்த யாத்திரிகர்கள் அந்த நாட்டைக் கடந்தே போனார்கள். அவர்களுக்காக மன்னர்கள் வழி நெடுகச் சத்திரம் கட்டினார்கள். பல சத்திரங்களுக்கு அரசகுலப் பெண்களின் பெயர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் அப்படித்தான். ஒரத்தநாட்டில், தம் அன்புக்குரிய முக்தாம்பாள் மறைந்தபின், அவர் பெயர் நிலைக்க 1802-இல் இரண்டாம் சரபோஜி மன்னர் சத்திரம் எழுப்பினார். முகப்பில் யானையும் குதிரையும் இழுக்கும் தேர் போன்ற அமைப்பு. ஊருக்கே முக்தாம்பாள்புரம் என்ற பெயரும் வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1801-இல், சரபோஜி கம்பெனியின் ரெசிடெண்ட் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1799 உடன்படிக்கையால் நாட்டு நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ராஜாவிடம் மிஞ்சியது கோட்டையும் அதன் சுற்றுப்புறமும்தான். அந்த நிலையில் அவர் மன்றாடிக் கேட்டது சத்திரங்கள் நின்றுவிடக் கூடாது என்பதை. சத்திரங்களில் நடப்பதை அதில் வரிசையாகச் சொல்கிறார். எந்தச் சாதியாரானாலும் வந்தவருக்குச் சோறு. சமைத்த சோறு உண்ணாதவருக்கு அரிசி. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று கூப்பிட்டுப் போடுவார்கள். குழந்தைக்குப் பால். நோயாளிக்கு வைத்தியர். பிரசவம் ஆன பெண் மூன்று மாதம் தங்கலாம். வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை உபாத்தியாயர் பொறுப்பில் வைத்து, மூன்று வேளை சோறு போட்டுப் படிக்க வைப்பார்கள். இறந்தவருக்கு அவரவர் முறைப்படி கடைசிக் காரியம்.

எங்கள் சமண மரபில் தானம் நான்கு: உணவு, மருந்து, கல்வி, அபயம். சரபோஜி சமணர் அல்லர். ஆனாலும் அந்தக் கடிதத்தைப் படித்தபோது நான்கும் ஒரே கூரையின்கீழ் இருந்ததைக் கண்டேன். குறையையும் மறைக்கக் கூடாது. எல்லாருக்கும் சோறு கிடைத்தது, எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. சாதி அங்கேயும் இடத்தைப் பிரித்தது.

இத்தனையும் எப்படி நடந்தது? வியாபாரி என்பதால் என் கண் வரவு செலவுப் பக்கம்தான் போகும். நிலங்களும் கிராமங்களும் சத்திரத்துக்கு மானியமாக இருந்தன. அந்த நெல்தான் உலையில் வெந்தது. 1855-க்குப் பிறகு சத்திரங்களின் நிர்வாகம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. இன்னொரு பக்கம் ரயில் வந்தது. 1902-இல் மண்டபம் வரை பாதை. 1914-இல் பாம்பன் பாலம். மதுரை வழியாக ரயிலேறினால் இராமேசுவரத்திலேயே இறங்கலாம் என்றான பிறகு ஒரத்தநாட்டு வழியே யார் நடப்பார்கள்? நடப்பவர் குறைந்ததும் அடுப்பும் அணைந்தது. சத்திர நிதி கல்விப் பக்கம் திரும்பியது. திருவையாறு அரசர் கல்லூரி அந்த நிதியில் வளர்ந்தது. முக்தாம்பாள் சத்திரமும் பிற்காலத்தில் மாணவர் விடுதியாகப் பயன்பட்டது. ரயிலடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் காபி கிளப்பும் லாட்ஜும் முளைத்தன.

லாட்ஜைக் குறை சொல்ல மாட்டேன். 1980-களில் பாத்திர வியாபாரத்துக்காக ஊர் ஊராய்ச் சுற்றியவன் நான். காசைக் கொடுத்தால் சாதி கேட்காமல் சாவி கொடுத்த இடங்கள் அவை. ஆனால் ஒரு சிற்றூரில் காய்ச்சலோடு போய் நின்றபோது, "தனி ஆள், அதுவும் சீக்காளி, ரூம் கிடையாது" என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று இரவு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்தேன். சத்திரத்துக்கும் லாட்ஜுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். லாட்ஜ் தள்ளி வைக்கும் ஆளுக்காகவே சத்திரம் கட்டப்பட்டது.

இதைப் பழங்கதையாக மட்டும் நான் எழுதவில்லை. பரேலில் புற்றுநோய் வைத்தியத்துக்கு வரும் குடும்பங்கள் நடைபாதையில் படுத்திருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதில் தமிழ்க் குரலும் கேட்கும். பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் நம் சங்கங்கள் பந்தி போடுகின்றன, நல்லதுதான். ஆனால் அன்று சாப்பிடுகிறவர் நம்ம வீட்டு ஆள்தானே? முகம் தெரியாத ஒருவருக்குப் பத்து நாள் தங்க இரண்டு அறை இருந்தால் போதும், ஒரு சின்னச் சத்திரம் ஆகிவிடும். நாட்டை இழந்த ராஜா ஒருவர் வேண்டிக் கேட்டது அதைத்தான். நாம் யாரிடமும் வேண்ட வேண்டியதில்லை. மனசு வைத்தால் போதும்.