பனிமலையில் ஒரு பள்ளிக்கூடம்

குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரும் முன்பனியும் உரிய பொழுதுகள் என்று தொல்காப்பியர் வகுத்தார். அவர் சுட்டிய பனி, இரவெல்லாம் புல்நுனியில் நின்று கதிரவனைக் கண்டதும் மறைந்துபோகும் மென்பனி. ஆளை மூடுமளவு கொட்டிக் கிடந்து, மாதக்கணக்கில் மலையைத் தன் ஆட்சியில் வைத்திருக்கும் வன்பனி நம் குறிஞ்சிக்கு உரியதன்று. ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமாய் வாழும் மலேசியத் தமிழராகிய நமக்கு அது இன்னும் தொலைவானது. ஆயினும், அத்தகைய பனிமலை ஒன்றைப் பள்ளிக்கூடமாக்கிய ஒருவரின் வரலாறு, ஆசிரியத் தொழில் புரியும் நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

அவர் பெயர் ஈனோஸ் மில்ஸ். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் நோயாளி. மலைக்காற்று உடலைத் தேற்றும் என்று கருதித் தம் 14-ஆம் வயதில் தன்னந்தனியே கொலராடோ மாநிலத்து ராக்கி மலைப் பகுதிக்குச் சென்றார். அங்கே 14,259 அடி உயரமுள்ள லாங்ஸ் சிகரம் நிற்கிறது. நம் கினபாலு மலையைவிட ஏறத்தாழ 800 அடி உயர்ந்தது அது. அடுத்த ஆண்டே, 15 வயதில், அச்சிகரத்தில் முதன்முறையாக ஏறினார். அதன் அடிவாரத்தில் தம் கையாலேயே மரக்குடில் ஒன்றும் கட்டிக்கொண்டார். மான்டானா மாநிலத்துச் சுரங்கங்களில் கூலி வேலை செய்து பொருள் ஈட்டினார். 1889-இல் சான் பிரான்சிஸ்கோ நகர்க் கடற்கரையில் இயற்கை அறிஞர் ஜான் மியூரைத் தற்செயலாகச் சந்தித்தார். காட்டைக் கற்கவும், கற்றதை எழுதவும் பேசவும் மில்சைத் தூண்டியவர் மியூரே. சுரங்கத் தொழிலாளி ஒருவர் நூலாசிரியரானது இவ்வாறுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் அவர் கொலராடோ மாநில அரசின் பனி அளவையாளராகப் பணிபுரிந்தார். அப்பணியின் நோக்கத்தை உழவர் மரபில் வந்த நாம் எளிதில் உணரலாம். கோடையில் சமவெளி வாய்க்கால்களில் ஓடப்போகும் நீர், குளிர்காலத்தில் மலைத்தலையில் உறைபனியாய்க் கிடக்கிறது. அது எவ்வளவு ஆழம் கிடக்கிறது என்று அளந்தால், வரும் வேனிலில் பாசனத்துக்கு எவ்வளவு நீர் கிடைக்கும் என்று முன்கூட்டியே கணிக்கலாம். இதற்காக மில்ஸ், வலை பின்னிய அகன்ற பனிமிதியடிகளை அணிந்து, நடுக்குளிர்காலத்தில் மலைமுகடுகளைத் தனியே கடந்தார். துப்பாக்கி எடுத்துச் செல்வதில்லை. ஒரு கைக்கோடரியும் சிறிது உலர்ந்த திராட்சையும் அவருக்குப் போதும். 1903 பிப்ரவரியில் லாங்ஸ் சிகரத்தின் உச்சியை அடைந்தார். குளிர்காலத்தில் அச்சிகரத்தில் ஏறிய முதல்வர் அவரே என்பர்.

இப்பயணங்களுள் ஒன்று நம் சிந்தனைக்குரியது. மலைமுகட்டில் செல்லும்போது அவருடைய கறுப்புக் கண்ணாடி தொலைந்துவிட்டது. பனியில் பட்டுத் தெறித்த வெயிலொளி தாக்கிக் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. பார்வை அறவே போயிற்று. அழைத்தால் வருவதற்கு அருகில் எவரும் இல்லை. அவர் கலங்கி ஓடவில்லை. ஊன்றுகோலால் முன்னே தட்டிப் பார்த்து ஒவ்வோர் அடியாக இறங்கினார். மரங்களின் பட்டையையும் இலையையும் தடவிப் பார்த்தார். தென்முகச் சரிவில் வளரும் மரம் வேறு, வடமுகச் சரிவில் வளரும் மரம் வேறு என்பதை அவர் முன்பே கற்றிருந்தார். ஆகவே, கைக்குத் தட்டுப்பட்ட மரம் திசையைச் சொல்லிற்று. உரக்கக் கூவினார். திரும்பி வந்த எதிரொலி பள்ளத்தாக்கின் அமைப்பைச் சொல்லிற்று. முடிவில் விறகுப் புகையின் மணம் மூக்கில் பட்டது. ஒரு சிறுமியின் குரல் காதில் விழுந்தது. மனிதர் வாழும் இடத்தை அடைந்துவிட்டார்.

இங்கே நாம் கருத வேண்டியது யாது? அம்மரங்களின் பெயர்களை மட்டும் அவர் மனப்பாடம் செய்திருந்தால் அன்று உயிர் பிழைத்திருக்க மாட்டார். எந்த மரம் எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்னும் தொடர்பை அறிந்திருந்தமையால்தான் பிழைத்தார்.

இந்தத் தொடர்பறிவையே பிறர்க்கும் ஊட்டுவதற்கு அவர் ஒரு முறையை வகுத்தார். லாங்ஸ் சிகரத்தின் அடிவாரத்திலிருந்த பயணியர் விடுதியை விலைக்கு வாங்கினார். 1906-இல் அது தீக்கிரையானபோது, காட்டுத்தீயில் பட்டுப்போன மரங்களைக் கொண்டே மீண்டும் எழுப்பினார். ஏறத்தாழ 300 முறை பயணியரை அழைத்துக்கொண்டு சிகரம் ஏறினார். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும் உண்டு. மலைவழிகாட்டிகள் அவருக்கு முன்னரும் இருந்தனர். உச்சிக்கு அழைத்துச் சென்று கூலி பெறுவதே அவர்தம் தொழில். மில்ஸ் விரும்பியதோ ‘இயற்கை வழிகாட்டி’ என்னும் புதிய தொழிலாளரை. உச்சியை அடைவதினும் வழியில் கண்டதை உணர்த்துவதே இவர் கடமை. பெயர்ப் பட்டியல் ஒப்பிப்பதன்று, ஆர்வத்தைத் தூண்டுவதே போதனை என்பது அவர் கொள்கை. விடுதியோடு சேர்ந்து அவர் நடத்திய ‘மலைவழிப் பள்ளி’யில் வகுப்பறை இல்லை, தேர்வு இல்லை. அப்பள்ளி பெரும்பாலும் கோடையில் நடந்ததாயினும், அதன் பாடங்களுட் பல அவர் பனியில் நடந்து பெற்றவை. 1920-இல் வெளிவந்த தம் நூலொன்றில் குளிர்கால மலையேற்றத்துக்கென்றே ஓர் இயல் ஒதுக்கினார்.

குளிர்காலக் காடு செத்துக் கிடப்பதுபோல் தோன்றும். உண்மை அதுவன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகினர் அல்லவா? அம்மலையில் விலங்குகளே பனியில் எழுதிவிடுகின்றன. முயல் எங்கே நின்றது, நரி எங்கே பதுங்கியது என்பதையெல்லாம் அடிச்சுவடுகள் அறிவிக்கின்றன. டார்மிகன் என்னும் மலைக்கோழி குளிர்காலத்தில் வெண்ணிறம் பூண்டு, கால்களிலும் இறகு போர்த்து, குறும்புதர் மொட்டுகளைத் தின்று வாழ்கிறது. அணைகட்டும் பீவர் என்னும் விலங்கு, உறைந்த குளத்தின் அடியில் முன்பே சேர்த்துவைத்த கிளைகளை உண்டு காலங்கழிக்கிறது. மர எல்லையில் நிற்கும் முதுமரங்கள் காற்றின் திசையைத் தம் வளைந்த உடலிலேயே காட்டுகின்றன.

1917-இல் எஸ்தர் பர்னெல், எலிசபெத் பர்னெல் என்னும் உடன்பிறந்த மகளிர் இருவர் இயற்கை வழிகாட்டிகளாக அரசின் தேசியப் பூங்காத் துறையிடம் உரிமம் பெற்றனர். ஆண் வழிகாட்டியின் துணையின்றி மர எல்லைக்கு மேலே பயணியரை அழைத்துச் செல்லலாகாது என்று அவர்களுக்கு ஒரு தடை விதிக்கப்பட்டது. குளிர்காலத்தில் மலைத்தொடரைக் குறுக்கே கடந்து 30 மைல் தனியே பனிமிதியடியில் நடந்தவர் எஸ்தர். அத்தகையோருக்கு இத்தடை! எலிசபெத் பின்னர் மலைவழிப் பள்ளியை நடத்தியதோடு, லாங்ஸ் சிகரத்துக்கே வழிகாட்டியாகவும் விளங்கினார். எஸ்தர் 1918-இல் மில்சை மணந்தார்.

மில்ஸ் ஊர் ஊராகச் சென்று பேசியதன் பயனாக, 1915 ஜனவரி 26-ஆம் நாள் ராக்கி மலைத் தேசியப் பூங்காச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் வில்சன் கையொப்பமிட்டார். 1922-இல் தம் 52-ஆம் வயதில் மில்ஸ் காலமானார்.

மலை எவருக்கும் சலுகை காட்டுவதில்லை. 1925 ஜனவரியில் ஆக்னஸ் வெய்ல் என்னும் மங்கை, வால்டர் கீனர் என்பவருடன் லாங்ஸ் சிகரத்தின் செங்குத்தான கீழ்முகத்தில் ஏறினார். குளிர்காலத்தில் அதற்குமுன் எவரும் அவ்வழியே ஏறியதில்லை. உச்சியை அடைந்தார், இறங்கும் வழியில் வழுக்கி வீழ்ந்து, குளிரில் உயிர் நீத்தார். மீட்கச் சென்றவருள் ஒருவரும் மாண்டார். கீனர் உறைபனியால் விரல்கள் பலவற்றை இழந்தார். ஆயினும் அவர் மலையை வெறுக்கவில்லை. தாவரவியல் கற்று, அதே சிகரத்தின் உயர்மலைச் செடிகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். ஏறத் தெரிதல் பாதிக் கல்வியே. திரும்பி வரத் தெரிதல் மறுபாதி.

மில்ஸ் விதைத்தது வீண்போகவில்லை. 1920-இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இயற்கை வழிகாட்டல் அரசுப் பணியாகவே தொடங்கிற்று. ராக்கி மலைப் பூங்காவிலும் அண்மைக் குளிர்காலங்களில் காவலர்கள் மக்களுக்குப் பனிமிதியடி பூட்டி அழைத்துச் சென்று, சுவடு படிக்கக் கற்பித்திருக்கின்றனர்.

இவற்றைப் படிக்குந்தோறும் என் பிழை ஒன்று நினைவுக்கு வருகிறது. பயிற்சி முடித்துத் தோட்டப் பள்ளிக்கு வந்த புதிதில், இயற்கைப் பாடத்தில் இலைகளின் வகைகளைக் கரும்பலகையில் எழுதி ஒப்பிக்கச் செய்தேன். அது ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் பருவம். “ஏன் சார், எல்லா மரமும் ஒண்ணா கொட்டுது?” என்று ஒரு சிறுமி கேட்டாள். “அது பாடத்தில் இல்லை, உட்கார்” என்றேன். ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் அம்மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கிறது. அக்காலத்துத் தோட்டத் துரைமார் இதைக் குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாலேயே வழங்கினர். அடிவாசலில் பாடம் கொட்டிக் கிடந்தது. நானோ அவளைக் கரும்பலகைக்குத் திருப்பினேன். அவள் அதன்பின் என்னிடம் கேள்வி கேட்டதில்லை.

இன்று இலையுதிர் பருவம் வந்தால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மரங்களிடையே நடக்கிறேன். நான் பேசுவது குறைவு. அவர்கள் கேட்பது மிகுதி. விடை தெரியாதபோது சேர்ந்து தேடுகிறோம். இதற்குப் பனிமலை வேண்டியதில்லை, பொருட்செலவும் இல்லை. வகுப்பறைக் கதவைத் திறந்தால் போதும். ஆசிரியப் பெருமக்கள் சிந்திப்பார்களாக.