கட்டற்ற மென்பொருளில் தன்னார்வச் சோதனை: கேரளப் பள்ளிக் கணினிகளை முன்வைத்து

கட்டற்ற மென்பொருளில் ஒரு புதிய வசதி எல்லோரையும் சென்றடையும் முன், ஊதியம் வாங்காத பயனர்கள் அதைத் தம் கணினியில் ஓட்டிப் பார்த்து, கண்ட வழுக்களை உருவாக்குநர்களிடம் தெரிவிப்பது தன்னார்வச் சோதனை எனப்படும். இதை மேம்படுத்துவது என்றாலே இன்னும் ஆள் சேர்ப்பது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். கண்கள் கூடினால் வழுக்கள் தாமாகப் புலப்படும் என்று 1990களின் இறுதியில் எரிக் ரேமண்ட் முன்வைத்த கருத்து இந்த எண்ணத்துக்கு வலுவூட்டியது. ஆனால் இணையத் தொடர்புகளை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற மென்பொருள் அதற்கு எதிர்ச்சான்றாக நிற்கிறது. 2012 மார்ச்சில் வெளியான அதன் 1.0.1 பதிப்பில் ‘ஹார்ட்பீட்’ என்ற புதிய வசதி சேர்க்கப்பட்டது. அதிலிருந்த ஓட்டை 2014 ஏப்ரலில்தான் உலகுக்குத் தெரிந்தது. இடைப்பட்ட ஈராண்டும் கோடிக்கணக்கானோர் அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள், பயன்பாடு சோதனையாகிவிடவில்லை. சோதனையின் தரம் தலைக்கணக்கைவிட, எந்தக் கட்டத்தில் எதைப் பார்க்கச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

இதை எடைபோட இந்தியாவில் கேரளத்தைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. 2001-02இல் ‘ஐடி@ஸ்கூல்’ என்று தொடங்கி, 2017இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறிய அமைப்பு, மாநிலப் பள்ளிகளுக்கென்று தனி லினக்ஸ் தொகுப்பைத் தயாரித்து வழங்குகிறது. ஆசிரியர் பயிற்சி நடக்கும் மண்டல வள மையங்களில் ஒன்று கொச்சி இடப்பள்ளியில் இருக்கிறது. 2018இல் தொடங்கப்பட்ட ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் குழுக்களின் முகாம்களும் அங்கே நடந்திருக்கின்றன. லட்சக்கணக்கான கணினிகள், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், ஆர்வமுள்ள பிள்ளைகள் என ஆள்பலத்துக்குக் குறைவே இல்லை. குறை காலத்தில் இருக்கிறது. பள்ளித் தொகுப்பு, உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கலின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை அடியாகக் கொண்டது. அப்பதிப்பு ஈராண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும். 2018 ஏப்ரலில் வந்த 18.04 பதிப்பைத் தழுவிய பள்ளித் தொகுப்பு 2019இல்தான் வகுப்பறைக்கு வந்தது. அப்போது ஓர் ஆசிரியர் எழுத்துருச் சிக்கல் ஒன்றைக் கண்டு முறையாகத் தெரிவித்தாலும், நிலைப்பதிப்பில் பெரிய வழுக்களுக்கே திருத்தம் கிடைக்கும். மற்றவை அடுத்த பதிப்புக்குப் போகும். அது பள்ளியை எட்டும்போது சிக்கலைக் கண்ட மாணவர் பள்ளியையே விட்டுப் போயிருப்பார். கைட்டே திருத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். திருத்தலாம்தான், ஆனால் மென்பொருளை உருவாக்கும் மூலத் திட்டத்தில் சேராத திருத்தத்தை ஒவ்வொரு பதிப்பிலும் மறுபடி ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நாட்காட்டியைப் பார்த்தால் சிக்கலின் முடிச்சு தெரியும். உபுண்டுவில் புதிய வசதிகளுக்குக் கதவு அடைபடுவது பிப்ரவரி இறுதி அல்லது மார்ச் தொடக்கத்தில். பீட்டா எனும் சோதனைப் பதிப்பு வருவது அதற்குச் சுமார் ஒரு மாதம் கழித்து. கேரளத்தில் அதே மாதங்களில் பத்தாம் வகுப்புக்குக் கணினிச் செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும் நடக்கின்றன. ஆய்வகம் ஓயும் ஏப்ரலில் பதிப்பே வெளியாகிவிடுகிறது. பீட்டா வந்ததும் எல்லோரும் சோதியுங்கள் என்ற பொது அழைப்பு இங்கே எடுபடாது. அதற்கு முந்தைய அக்டோபரில் வரும் இடைக்காலப் பதிப்பை நவம்பர் முதல் ஜனவரி வரை பார்ப்பதே பயன்தரும். அடுத்த ஏப்ரல் பதிப்பில் வரப்போகும் மாற்றங்களில் பல அதில் ஏற்கெனவே இருக்கும்; திருத்தத்துக்கு அவகாசமும் இருக்கும்.

தேர்வு நடத்த வேண்டிய கணினியில் அரைகுறை மென்பொருளை ஏற்றுவதா என்று தலைமையாசிரியர் தயங்கினால் அது நியாயமே. அதனால்தான் சோதனை என்பது நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்ப்பதாக இருக்க வேண்டும். பென்டிரைவை உருவினால் கணினி பழைய நிலையில் இருக்கும். சோதிப்பவர் எளிதில் பின்வாங்க முடிய வேண்டும் என்ற இந்தப் பாடத்தை, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா சற்றுக் கசப்பாகவே கற்றது. 2013 ஜூலையில் புதிய காட்சித் தொகுப்பியை ஆங்கில விக்கிப்பீடியாவில் எல்லோருக்கும் இயல்பிருப்பாக்கியபோது எதிர்ப்பு கிளம்பி, செப்டம்பரில் அது விருப்பத் தேர்வாக மாற்றப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ‘பீட்டா வசதிகள்’ பக்கத்தில், பயனர் தாமே ஒரு வசதியைத் தேர்ந்துகொள்ளலாம், வேண்டாமென்றால் ஒரு சொடுக்கில் விட்டுவிடலாம்.

மனிதச் சோதனை எதற்கு, தானியங்கிச் சோதனை போதாதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதே பிழை. அதே காட்சித் தொகுப்பியில் பல மொழிகளின் தட்டச்சு முறைகள் முரண்டு பிடித்தன. அப்போது தன்னார்வலர்களிடம் பொதுவாகக் கருத்துக் கேட்காமல், தம் மொழியில் குறிப்பிட்ட சிலவற்றைத் தட்டி, அப்போது உலாவியில் எழும் நிகழ்வுகளின் பதிவை அனுப்பும்படி கேட்டார்கள். சீன, ஜப்பானிய, கொரிய மொழி விசைப்பலகைகளிலிருந்து வந்த பதிவுகள் தானியங்கிச் சோதனைகளாகவே நிரலில் இடம்பெற்றன. மனிதர் ஒருமுறை கண்டதை இயந்திரம் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறது; முதலில் காண ஒரு மனிதர் வேண்டும். மலையாளச் சில்லெழுத்து இதற்கு நல்ல உதாரணம். ‘அவன்’ என்பதன் ஈற்று மெய்க்கு மலையாளத்தில் தனி வடிவம் உண்டு. 2008இல் யூனிகோடு 5.1 வரும் வரை அது மெய்யெழுத்து, உயிரொலியை நீக்கும் சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறி என மூன்று குறியீடுகளின் தொடர். அதன்பின் ஒற்றைக் குறியீடு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் தேடுபெட்டியில் ஒன்றை இட்டால் மற்றது அகப்படாமல் போகலாம். எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று மட்டும் கேட்டால் ‘தெரிகிறது’ என்றே பதில் வரும். பழைய கோப்பைத் திறந்து ஒரு பெயரைத் தேடச் சொன்னால்தான் வழு வெளிப்படும்.

மீதமிருப்பது அறிக்கை போய்ச்சேரும் வழி. மூலத் திட்டங்களின் வழுப்பதிவேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பவை. பதிவு, மின்னஞ்சல், நிரல்விவரம் என்று படிப்படியாகக் கேட்பவை. ஒன்பதாம் வகுப்பு மாணவி மலையாளத்தில் இரண்டு வரியும் ஒரு திரைப்பிடிப்பும் தந்தால் போதும், மற்றதை வேறொருவர் செய்யலாம். 2002 முதல் இயங்கும் ‘ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்’ போன்ற குழுக்களில் மூலத் திட்டங்களோடு பேசத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வரும் அறிக்கைகளைப் பிரித்து, ஒரே வழுவைச் சொல்பவற்றைச் சேர்த்து, மேலே அனுப்பி, வந்த பதிலைப் பள்ளிக்குத் திருப்பிச் சொல்வது நாள்தோறும் செய்ய வேண்டிய அலுப்பான வேலை. அதைத் தன்னார்வத்தில் விடுவது சரியல்ல. இடப்பள்ளி போன்ற ஒரு மையத்தில் அதற்கென்று சம்பளம் பெறும் ஒருவரை அமர்த்தலாம். கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதால் உரிமக் கட்டணத்தில் மிச்சமான தொகையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு மிகச் சிறியது.