குளத்து டால்பினும் ஏலூரின் நீரும்: ஒரு சிகிச்சை நம்பிக்கையின் வரலாறு

கொச்சியில் டால்பின் காட்சியகம் அமைக்கும் யோசனை எழுந்து, எதிர்ப்பையும் சந்தித்திருந்த நிலையில், 2013 மே 17 அன்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பொழுதுபோக்குக்கும் காட்சிக்கும் மட்டுமல்லாமல், மனிதர் நெருங்கிப் பழகுவதற்காகவும்கூட டால்பின்களைப் பிடிப்பதோ இறக்குமதி செய்வதோ கூடாது என்று மாநிலங்களுக்கு அது அறிவுறுத்தியது. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு வெளிநாடுகளில் அளிக்கப்படும் 'டால்பின் சிகிச்சை'யும் இந்தத் தடைக்குள் அடங்கிவிடுகிறது. அப்படியானால், இக்குழந்தைகளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரு வாய்ப்பை அரசு பறித்துவிட்டதா? இல்லை என்பதே என் வாதம். அச்சிகிச்சை பிறந்து வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால், டால்பினுக்கென்று தனியான குணமாக்கும் ஆற்றல் எந்தக் கட்டத்திலும் நிறுவப்படவில்லை. டால்பினுக்கும் மனித உடல்நலத்துக்கும் உறுதியாகக் காட்டக்கூடிய தொடர்பு வேறிடத்தில் இருக்கிறது. அதைத் தேட, அச்சிகிச்சை பிறந்த ஃப்ளோரிடாவுக்குப் போக வேண்டியதில்லை. கொச்சிக்கு அருகே, பெரியாற்றங்கரை ஏலூருக்குப் போனால் போதும்.

டால்பினை மனிதனோடு உரையாடக்கூடிய அறிவுயிராக மேலைநாட்டு மக்கள் மனத்தில் பதித்தவர் அமெரிக்க நரம்பியலாளர் ஜான் லில்லி. 1960-களில் கரீபியக் கடலின் செயின்ட் தாமஸ் தீவில் அவர் நடத்திய ஆய்வுகள் அறிவியலைவிடக் கற்பனையையே அதிகம் தூண்டின. 1970-களில் ஃப்ளோரிடாவில் மானிடவியலாளர் பெட்சி ஸ்மித், ஆட்டிசம் உள்ள குழந்தைகளை டால்பின்களோடு பழகவிட்டுப் பார்த்தார். அதே பத்தாண்டின் இறுதியில் உளவியலாளர் டேவிட் நாதன்சன் இதை ஒரு முறையாக வகுத்தார். அவருடைய தொடக்கக் கருதுகோள் மிக எளிமையானது. கவனம் குவியாத குழந்தை ஒரு சொல்லைச் சொன்னால், ஒரு செயலைச் செய்தால், பரிசாக டால்பினோடு நீந்தலாம். அதாவது, டால்பின் அங்கே மருந்தாக வரவில்லை, ஊக்கப்பரிசாகவே வந்தது. இந்த வேறுபாடு பின்னாளில் மறைந்துபோனது. சிகிச்சை பல நாடுகளுக்கும் பரவி, ஒரு வாரத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் பெறும் தொழிலானபோது, பரிசு வைத்தியனாகிவிட்டது. டால்பின் எழுப்பும் மீயொலி மனித உடலின் திசுக்களையே மாற்றுகிறது என்ற விளக்கமும் வந்து சேர்ந்தது. பெர்லின் ஆய்வாளர்கள் 2003-இல் இதைச் சோதித்தார்கள். மருத்துவ மீயொலிக்குத் தேவையான நேரமும் செறிவும், டால்பின்கள் மனிதரருகே உண்மையில் நடந்துகொள்ளும் விதத்தோடு பொருந்தவில்லை என்று கண்டார்கள்.

ஆய்வுச் சான்றுகளின் நிலையும் இதுவே. எமரி பல்கலைக்கழகத்தின் லோரி மரினோவும் ஸ்காட் லிலியன்ஃபெல்டும் 1998-இலும், மறுபடியும் 2007-இலும், வெளிவந்த ஆய்வுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒப்பீட்டுக் குழு சரியில்லை. புதுமை தரும் உற்சாகத்தையும் பெற்றோரின் எதிர்பார்ப்பையும் விலக்கிப் பார்க்க வழியில்லை. பலன் நீடித்ததா என்ற தொடர் கண்காணிப்பும் போதவில்லை. இதற்கு மறுப்பாக எப்போதும் முன்வைக்கப்படுவது, 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான சமவாய்ப்பு ஆய்வு. இலேசான அல்லது மிதமான மனச்சோர்வு உள்ள 30 பேர் ஹோண்டுராஸில் இரண்டு வாரம் தங்கினர். ஒரு குழு டால்பின்களோடு நீந்தியது, மற்றது டால்பினில்லாமல் பவளப்பாறைகளிடையே நீந்தியது. டால்பின் குழுவில் மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்தது. இந்த ஆய்வை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. இத்துறையில் கவனமாக வடிவமைக்கப்பட்டது இதுவே. ஆனால் எண்ணிக்கை சிறிது. தாம் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். டால்பினுக்குப் பதில் ஒரு நாயோ குதிரையோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதில் விடையில்லை. இலேசான அல்லது மிதமான மனச்சோர்வுள்ள பெரியவர்கள் இரண்டு வாரத்தில் தேறியதை வைத்து, ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு எந்த உறுதியும் கூற முடியாது.

'என் பிள்ளை சிரித்தானே, முதன்முறையாக என் கண்ணைப் பார்த்தானே' என்று ஒரு தாய் சொன்னால் அது பொய்யாகுமா? ஆகாது. அந்தச் சிரிப்பு உண்மை. வெதுவெதுப்பான நீர், மிதக்கும் உடலின் இலேசு, ஒரு குழந்தைமேல் மட்டும் நாள் முழுதும் குவிந்த பெரியவர்களின் கவனம், கவலையை மறந்த பெற்றோரின் முகம் என இவை அத்தனையும் அங்கே ஒருசேரக் கிடைக்கின்றன. இவற்றில் எதற்கும் சிறைப்பட்ட உயிர் தேவையில்லை. தீங்கில்லாத மகிழ்ச்சிதானே என்ற வாதமும் நிற்காது. 1998-இல் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையின் 'டால்பின் சிட்டி'க்குப் பல்கேரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில மாதங்களுக்குள் மாண்டன. அதே சாலையில், முட்டுக்காட்டில், பன்முகக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் பின்னர் எழுந்தது. பேச்சுப் பயிற்சி, இயன்முறை மருத்துவம், பெற்றோருக்கான வழிகாட்டல் என்று நாள்தோறும் பொறுமையாகச் செய்யும் வேலைதான் அங்கே நடக்கிறது. குடும்பங்களின் பணமும் காலமும் போய்ச் சேர வேண்டிய இடம் அதுவே. இச்சிகிச்சைக்கு வித்திட்ட பெட்சி ஸ்மித்தே பிற்காலத்தில் அதைக் கைவிட்டு, நலிந்த மனிதரும் நலிந்த விலங்கும் ஒருங்கே சுரண்டப்படுகின்றனர் என்று கண்டித்தார் என்பது இவ்வரலாற்றின் மிகக் கனமான சாட்சியம்.

கொச்சியில் டால்பினைக் காணக் குளம் வெட்ட வேண்டியதே இல்லை. கழிமுகத்தில், ஃபோர்ட் கொச்சி சீனவலைகளுக்கும் வைப்பீனுக்கும் இடையே, கூன்முதுகு டால்பின்கள் (ஓங்கில்கள்) மீனைத் துரத்தி வருகின்றன. உலக அளவில் அழியும் அபாயத்திலுள்ள இனம் அது. அவை நீந்தும் காயலில் வந்து கலக்கும் பெரியாற்றின் ஒரு கிளை, ஏலூரின் தொழிற்சாலைகளைத் தொட்டு வருகிறது. ஹிந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவனம் அங்கே பல பத்தாண்டுகள் டி.டி.டி., எண்டோசல்ஃபான் ஆகிய பூச்சிக்கொல்லிகளைத் தயாரித்தது. அங்குள்ள குழிக்கண்டம் ஓடையின் படிவுகளில் டி.டி.டி. எச்சங்கள் இருப்பதை 1999-இல் கிரீன்பீஸ் ஆய்வு காட்டியது. 2024 மே மாதம் பெரியாற்றில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. கடல் பாலூட்டிகளின் கொழுப்பில் டி.டி.டி. போன்ற நஞ்சுகள் சேர்ந்து, தாய்ப்பால் வழியே குட்டிக்குப் போகின்றன; மனிதத் தாயிடமும் இதுவே நடக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த அ. சுப்பிரமணியன் ஜப்பானிய ஆய்வாளர்களோடு இணைந்து, வங்கக்கடல் டால்பின்களில் இவ்வெச்சங்களை 1993-லேயே அளந்து வெளியிட்டார். கொச்சிக் கழிமுகத்துக்கும் அதுபோன்ற தொடர்ச்சியான அளவீடு வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கொச்சியிலேயே இருக்கிறது. கரையொதுங்கும் ஒவ்வோர் ஓங்கிலின் கொழுப்பையும் ஏலூர் படிவுகளோடும் அப்பகுதி மீனோடும் ஒப்பிட்டு ஆண்டுதோறும் வெளியிட்டால், அந்த மீனைத் தின்னும் வராப்புழை, கடமக்குடி வீட்டுக் குழந்தைகளின் உடல்நலத்தைப் பற்றி எந்த டால்பின் குளமும் சொல்லாத செய்தி தெரியவரும்.