பெயின்ட் அடிக்கலாமா, வேண்டாமா? பிளாஸ்டிக் சிப்பாய்களின் கதை

இன்னிக்கு எபிசோடு ஒரு சின்ன கேள்வியிலிருந்து தொடங்குது.

லண்டன்ல ஒரு பழைய பொருள் சந்தையில் நிக்கிறீங்கன்னு வச்சுக்கோங்க. கையில் ஒரு ஏர்ஃபிக்ஸ் டப்பா, 1960-களில் வந்தது. மேலே கலர் கலரா ஒரு போர்க்களப் படம். திறந்தா, உள்ளே சுண்டுவிரலில் பாதி உயரத்துக்கு ஒரு கூட்டம் ஜெர்மன் சிப்பாய்கள். முகம் சாம்பல், துப்பாக்கி சாம்பல், பூட்ஸும் சாம்பல். இவங்களுக்கு பெயின்ட் அடிக்கலாமா, இல்ல அப்படியே விட்டுடணுமா?

பொம்மை சேகரிக்கிறவங்க நடுவுல இது பெரிய சண்டை. "தூரிகை பட்டா பொம்மையோட மதிப்பு போச்சு"ன்னு ஒரு பக்கம். "விளையாடச் செஞ்ச பொருளை பூட்டி வச்சு என்ன பண்றது?"ன்னு இன்னொரு பக்கம். ரெண்டு பேருமே ஒரே வார்த்தையைத்தான் பிடிச்சுக்கிறாங்க: 'ஒரிஜினல்'. சரி, இந்தப் பொம்மைகளோட ஒரிஜினல் எதுன்னு வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

பிளாஸ்டிக்குக்கு முன்னாடி பொம்மைச் சிப்பாய் பெரும்பாலும் உலோகம்தான். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் பகுதியில் வெள்ளீயத்தில் தட்டையான சிப்பாய்களைச் செய்து விற்றார்கள். அடுத்த பெரிய திருப்பம் 1893-ல், லண்டனில். வில்லியம் பிரிட்டன் குடும்பத்தின் கம்பெனி ஒரு புது வழியைக் கண்டுபிடித்தது. உருக்கின ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகினதும் நடுவில் இருக்கிறதை வெளியே கொட்டிடுவாங்க. மிச்சம் இருப்பது உள்ளே வெற்றிடமான ஒரு கூடு. உலோகம் மிச்சம், விலையும் குறைவு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்தச் சிப்பாய்கள் எல்லாமே பெயின்ட்டோடதான் கடைக்கு வந்தாங்க. அடிச்சது யாரு? பெரும்பாலும் பெண்கள். சிவப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, மீசைக்கு ஒரு கோடு, கண்ணுக்கு ஒரு புள்ளி. எல்லாம் கையால், ஒவ்வொன்றாக. கம்பெனி பெயர் அடியில் இருக்கு. அந்தப் பெண்களோட பெயர் எங்கேயும் இல்லை.

அப்புறம் பிளாஸ்டிக் வந்தது. அமெரிக்காவில் 1938-லேயே பிளாஸ்டிக் சிப்பாய்கள் வந்துவிட்டன. இரண்டாம் உலகப்போரில் உலோகமெல்லாம் ராணுவத்துக்குப் போனது. போருக்குப் பிறகு அச்சு வேலை மலிவானது. பொம்மையைச் செய்ய சில நொடிதான், பெயின்ட் அடிக்கத்தான் நேரமும் கூலியும். அதனால கம்பெனிகள் பெயின்ட்டைக் கைவிட்டன. மார்க்ஸ், டிம் மீ மாதிரி கம்பெனிகள் 1950-களில் ஒரே நிறச் சிப்பாய்களை மலிவாக அள்ளிக் கொடுத்தன. பச்சை நிறம் அமெரிக்க ராணுவ உடையோடு ஒத்துப்போனது. 1995-ல் வந்த 'டாய் ஸ்டோரி' படத்தில் நாம பார்த்த அதே பச்சைப் பசங்க. 2014-ல் அவங்களுக்கு அமெரிக்காவின் தேசிய பொம்மைக் கௌரவ அரங்கில் இடமும் கிடைத்தது.

ஆக, அந்த வெறும் நிறம் கலைக்காக எடுத்த முடிவே இல்லை. கூலியை மிச்சம் பிடிக்க எடுத்த முடிவு. ஆனா ரெண்டு மூணு தலைமுறைக் குழந்தைகள் அந்தப் பச்சையோடு வளர்ந்ததால, இன்னிக்கு அந்தப் பச்சைதான் அந்தப் பொம்மையோட அடையாளம்.

பிரிட்டனில் கதை வேற மாதிரி போனது. 1959-ல் ஏர்ஃபிக்ஸ் சின்ன சிப்பாய் செட்டுகளை விற்கத் தொடங்கியது. அது மாடல் கிட் கம்பெனி. அங்கே விமானத்தை ஒட்டிச் சேர்த்து பெயின்ட் அடிப்பதுதான் விளையாட்டே. டப்பா மேலே முழு வண்ணப் படம், உள்ளே ஒரே நிறம். மிச்சம் வேலை உன்னோடதுன்னு கையில் கொடுத்த மாதிரிதான். ஹெரால்ட் சிப்பாய்களோ பிளாஸ்டிக்காக இருந்தாலும், பழைய ஈயச் சிப்பாய் மாதிரியே கையால் பெயின்ட் அடிச்சு வந்தாங்க. பிரிட்டன்ஸ் கம்பெனி ஹெரால்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1966-ல் ஈயச் சிப்பாய் தயாரிப்பையே நிறுத்தியது.

இப்போ நடைமுறைக்கு வருவோம். இந்த மென்மையான சிப்பாய்கள் பாலிஎத்திலீன், அதாவது நம்ம வீட்டு பிளாஸ்டிக் பை ரகம். அதில் பெயின்ட் பிடிப்பதே கஷ்டம். துப்பாக்கி கொஞ்சம் வளைஞ்சா போதும், பெயின்ட் பொலபொலன்னு உதிர்ந்துடும். அதனால முதலில் சோப்புத் தண்ணியில் கழுவி, அச்சிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வழவழப்பை எடுக்கணும். அப்புறம் வளைந்து கொடுக்கிற அக்ரிலிக் பெயின்ட்டை மெல்லிசா அடிக்கணும். ஐம்பது வருஷப் பிளாஸ்டிக் மொறமொறன்னு ஆகியிருக்கலாம். தேய்க்கிறப்பவே துப்பாக்கி முனை கையோடு வந்துடும், ஜாக்கிரதை.

சரி, தீர்ப்பு என்ன? எல்லாத்துக்கும் ஒரே பதில் கிடையாதுன்னுதான் எனக்குத் தோணுது. நிறம் மங்காம, டப்பாவோட, கம்பியிலிருந்து பிரிக்காத பழைய செட் கிடைச்சா அதைத் தொடாதீங்க. அப்படி மிஞ்சினது குறைவு, ஒருமுறை போனா திரும்பாது. டப்பா போய், பாதி ஆள் காணாமப் போன செட்டுன்னா தாராளமா அடிங்க. ஏர்ஃபிக்ஸ் டப்பா உங்ககிட்ட கேட்டதே அதைத்தான். பச்சைச் சிப்பாய்க்கு அடிச்சாலும் தப்பில்லை, ஆனா அப்புறம் அவன் உங்க சிப்பாய், அந்தப் பழைய பச்சைப் பையன் இல்லை.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம். தொழிற்சாலைப் பெயின்ட்டோடு வந்த ஹெரால்டையோ ஈயச் சிப்பாயையோ, "மங்கிப் போச்சு, புதுசாக்கிடலாம்"னு மேலே பூசாதீங்க. கோணலா விழுந்த அந்தப் புருவக் கோட்டை யாரோ ஒருவர் தன் கையால் போட்டிருக்காங்க. பெயர் தெரியாத அந்த மனுஷங்க விட்டுட்டுப் போன ஒரே கையெழுத்து அதுதான்.

உங்க வீட்டு அட்டைப்பெட்டியிலும் ஒரு சிப்பாய் இருந்தா, இன்னிக்கு எடுத்து அவன் முகத்தைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.