அருங்காட்சியக யானையின் அடையாளத்தைத் திருத்திய டி.என்.ஏ. ஆய்வு

சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், மதுசாரம் நிரப்பிய கண்ணாடிக் குடுவை ஒன்றினுள் யானைக் கரு ஒன்று பாதுகாக்கப்படுகிறது. கார்ல் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் யானைக்கு 'எலிஃபஸ் மேக்சிமஸ்' என்று அறிவியல் பெயர் சூட்டியபோது ஆதாரமாகக் கொண்டவற்றுள் இதுவும் ஒன்று. யானையின் வாழிடமாக அவர் குறிப்பிட்டது இலங்கையை.

ஆனால் அது ஆப்பிரிக்க யானையின் கரு என்பதை 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு உறுதிசெய்தது.

பெயருக்கு ஒரு சாட்சி

விலங்கியல் விதிகளின்படி, ஓர் இனத்தின் பெயர் குறிப்பிட்ட ஒரு மூலமாதிரியுடன் பிணைக்கப்பட்டிருக்கும். அந்த மாதிரி வேறு இனத்தைச் சேர்ந்ததாக இருந்தால், பெயரும் அந்த இனத்துக்கே போய்விடக்கூடும். ஆசிய யானை அழியும் ஆபத்தில் உள்ள விலங்கு. அதன் வணிகத்தைத் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலிலும் இப்பெயரே இடம்பெற்றுள்ளது. எனவே இது வெறும் ஏட்டுச் சிக்கல் அல்ல.

சிதைந்த இழைகள்

ஓர் உயிர் இறந்த பின்னர் அதன் டி.என்.ஏ. இழைகள் சிறு துண்டுகளாக உடைகின்றன. பாடம் செய்யப் பயன்படும் வேதிப்பொருட்கள் அவற்றை மேலும் சிதைக்கலாம். மாதிரியைத் தொட்டவர்களின் டி.என்.ஏ.வும் அதில் கலந்துவிடக்கூடும். ஆகவே ஆய்வாளர்கள் தூய்மையான தனி ஆய்வுக்கூடங்களில் பணியாற்றுகின்றனர். உயிரணு ஒன்றில் ஏராளமான பிரதிகளாக உள்ள மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வையே பெரும்பாலும் முதலில் தேடுகின்றனர்.

இத்துறைக்கு வழி திறந்தது குவாகா என்ற தென்னாப்பிரிக்க விலங்கு. இதன் கடைசி உயிரி 1883ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. ஜெர்மனியின் மைன்ஸ் நகர அருங்காட்சியகத்திலிருந்த குவாகா தோலில் ஒட்டியிருந்த உலர்ந்த தசையிலிருந்து, கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1984ஆம் ஆண்டில் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தனர். அது வரிக்குதிரையின் நெருங்கிய உறவு என்று தெரியவந்தது. சமவெளி வரிக்குதிரையின் ஒரு கிளையினமே குவாகா என்று 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது.

புதிய மூலமாதிரி

ஸ்டாக்ஹோம் கருவின் டி.என்.ஏ. மிகவும் சிதைந்திருந்தது. எனவே ஆய்வாளர்கள் அதன் புரதங்களையும் ஆராய்ந்தனர். ஆசிய, ஆப்பிரிக்க யானைகளின் புரதங்களில் அமினோ அமிலங்களின் வரிசை சில இடங்களில் வேறுபடுகிறது. நுண்ணிய துண்டுகளையும் வாசிக்கவல்ல புதிய கருவிகள் மூலம் கிடைத்த டி.என்.ஏ. தகவலும் அதே முடிவையே காட்டியது.

இதற்கான தீர்வும் அருங்காட்சியகம் ஒன்றிலேயே கிடைத்தது. லின்னேயஸ் மேற்கோள் காட்டிய ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் ரே, யானை ஒன்றின் எலும்புக்கூட்டை 1693ஆம் ஆண்டு நூலில் விவரித்திருந்தார். அந்த எலும்புக்கூடு இத்தாலியின் ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருப்பது கண்டறியப்பட்டது. உடலமைப்பும் டி.என்.ஏ.வும் அது ஆசிய யானையே என்று உறுதிசெய்யவே, அதுவே புதிய மூலமாதிரியாக அறிவிக்கப்பட்டது. பெயரும் ஆசிய யானைக்கே நிலைத்தது.

இத்தகைய ஆய்வுகளுக்கு ஒரு விலையும் உண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் மீண்டும் பெறமுடியாத மாதிரியின் ஒரு சிறு பகுதி அழிக்கப்படுகிறது. இதனால் அனுமதி வழங்குவதில் அருங்காட்சியகங்கள் கண்டிப்புக் காட்டுகின்றன. ஸ்டாக்ஹோம் கருவை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவரும் அப்புறப்படுத்தவில்லை என்பதாலேயே அதன் மீதான ஐயம் தீர்க்கப்பட முடிந்தது.