நிகழ்வு 50278

அயர்லாந்தின் சுகாதாரச் சேவை நிர்வாகம் 2013 ஜூனில் வெளியிட்ட விசாரணை அறிக்கையின் தலைப்பில் பெயர் இல்லை; 50278 என்ற நிகழ்வு எண் மட்டும் இருக்கிறது. இறந்தவர் கர்நாடகத்திலிருந்து அங்கே போன பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், வயது 31. விசாரணைக்குத் தலைமை ஏற்றவர் இலங்கைத் தமிழரான மகப்பேறு மருத்துவர் சபாரத்தினம் அருள்குமரன். உயிரைப் பறித்தது சட்டமா, கவனக்குறைவா என்ற ஒரே கேள்வியோடு அறிக்கையைத் திறந்தேன்.

2012 அக்டோபர் 21, ஞாயிறு. 17 வாரக் கர்ப்பத்தோடு கால்வே மருத்துவமனையில் சேர்கிறார். கரு தங்காது என்பது தெரிந்துவிட்டது. நள்ளிரவு கடந்ததும் பனிக்குடம் உடைகிறது. ஞாயிறன்றே எடுத்த ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை 16.9; நோய்த்தொற்றின் அறிகுறியாக இருக்கக்கூடிய உயர்வு. அந்த முடிவைப் புதன்கிழமை வரை யாரும் கவனிக்கவில்லை. ஓரத்தில் ‘கவனக்குறைவு’ என்று குறித்தேன். பிறகுதான் தயக்கம் வந்தது. கர்ப்பத்தில் வெள்ளையணு ஓரளவு கூடுவது இயல்பு. தவிர, திங்களன்றே பார்த்திருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்?

அடுத்த தடயத்தில் சாட்சிகள் முரண்படுகிறார்கள். கருவைக் கலைத்துவிடும்படி திங்களன்றே கேட்டோம் என்கிறார் கணவர். செவ்வாயன்றுதான் கேட்டார்கள் என்கிறார் மருத்துவர். நாள் எதுவானாலும் பதில் ஒன்றே: கருவின் இதயம் துடிக்கும்வரை முடியாது.

அந்தப் பதிலின் வேரைத் தேடி 1983-க்குப் போக வேண்டியிருந்தது. கருவின் உயிருக்குத் தாயின் உயிருக்கு இணையான உரிமை தந்த எட்டாவது அரசமைப்புத் திருத்தம், அந்த ஆண்டு மக்கள் வாக்கெடுப்பில் 66.9 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. 1992-இல் உச்ச நீதிமன்றம் ஒரு விலக்கு தந்தது: தாயின் உயிருக்கு ‘மெய்யான, கணிசமான ஆபத்து’ இருந்தால் கருக்கலைப்பு செய்யலாம். உடல்நலத்துக்கு ஆபத்து என்பது போதாது. நோய்த்தொற்று எந்த நிமிடத்தில் நலத்தைத் தாண்டி உயிரைத் தொடுகிறது? கட்டிலருகே நிற்கும் மருத்துவர் அதைச் சட்டத்துக்காகக் கணிக்க வேண்டும், தவறினால் குற்றவாளி.

மரண விசாரணையில் மகப்பேறு நிபுணர் பீட்டர் பாய்லன் இதற்கு விடை தந்தார். திங்களோ செவ்வாயோ கலைத்திருந்தால் சவிதா பெரும்பாலும் பிழைத்திருப்பார், ஆனால் அப்போது சட்டம் இடம் தரவில்லை. இடம் தந்த புதன்கிழமை காலம் கடந்துவிட்டது. அக்டோபர் 28 அதிகாலை சவிதா இறந்தார். கண்காணிப்புக் குறைகளை அருள்குமரன் அறிக்கை மறைக்கவில்லை. ஆனால் 2017-இல் நாடாளுமன்றக் குழு முன் அவர், மருத்துவர்களின் கையைக் கட்டிப்போட்டது சட்டம்தான் என்று தெளிவாகச் சொன்னார். என் ஓரக்குறிப்பை அடிக்கவில்லை; பக்கத்தில் ‘காத்திருக்க வைத்தது சட்டம்’ என்று சேர்த்தேன்.

இந்த ஒரு மரணம்தான் மக்கள் மனத்தை மாற்றியது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு ஐயம் உண்டு. 1992-லேயே, கருக்கலைப்புக்காக வெளிநாடு போகும் உரிமையை மக்கள் வாக்களித்து ஏற்றிருந்தார்கள். 2002-இல் தடையை இறுக்க வந்த திருத்தம் மயிரிழையில் தோற்றது. மாற்றம் முன்பே தொடங்கிவிட்டது. சவிதாவின் மரணம் அதற்கு ஒரு முகம் தந்தது என்பதே என் முடிவு.

2018 மே 25 அன்று எட்டாவது திருத்தத்தை நீக்கக் கோரி மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. டப்ளினில் சுவரில் வரைந்திருந்த அவருடைய முகத்தைச் சுற்றி மக்கள் சின்னச் சின்னத் தாள்களில் எழுதி ஒட்டினார்கள். நீக்கத்துக்கு விழுந்த வாக்கு 66.4 சதவீதம்.