விமானியின் அனுமதிப்பத்திரம்: எல்லை தாண்டினால் செல்லுமா?

1921ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் திகதி பிரான்சில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு விமானி அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது. அவர் பெயர் பெஸ்ஸி கோல்மன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்து, சிக்காகோ நகரில் நகங்களை அழகுபடுத்தும் தொழில் செய்து பிழைத்தவர். கறுப்பர் என்பதாலும் பெண் என்பதாலும் அமெரிக்காவின் பறத்தற் பள்ளிகள் அவரைச் சேர்க்க மறுத்தன. அவர் பிரெஞ்சு மொழி கற்றார், கடல் கடந்தார், லெ குரோட்டோய் என்னும் ஊரில் பறக்கப் பழகினார். தாயகம் திரும்பியபின் அந்தப் பத்திரத்தோடு ஊர் ஊராகப் பறந்து காட்டினார். பிரெஞ்சு மண்ணில் பெற்ற தகுதியை அமெரிக்காவில் மீண்டும் நிரூபிக்கும்படி எந்த அரச அலுவலகமும் அவரைக் கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கே சட்டமே இருக்கவில்லை. விமானிகளுக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கிய முதலாவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1926 மே 20இல் நிறைவேறியது. அதற்கு மூன்று வாரங்கள் முன்னதாக, ஏப்ரல் 30ஆம் திகதி, கோல்மன் விமான விபத்தில் மாண்டுபோயிருந்தார்.

இன்று ஒருவர் அமெரிக்காவில் வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் பெற்று, அதை ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுமதிப்பத்திரமாக மாற்ற விரும்பினால் நிலைமை வேறு. புதிதாக மருத்துவச் சோதனை, எழுத்துப் பரீட்சைகள், பின்னர் பரிசோதகரை அருகில் அமர்த்திப் பறந்து காட்டும் தேர்வு என அவர் மறுபடியும் மாணவனாகவேண்டும். பெருவிமான நிறுவனங்களில் சேர நினைப்பவர் எழுதவேண்டிய பாடங்கள் மட்டும் 13. ஆகாயத்தில் காற்றும் ஈர்ப்பு விசையும் எங்கும் ஒன்றுதானே, ஒரு நாட்டில் பறக்கத் தெரிந்தவனுக்கு இன்னொரு நாட்டில் ஏன் தெரியாமற் போகிறது என்று பலர் கேட்பதுண்டு. விடையைத் தேட ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும்.

தொடக்கத்தில் விமானிக்குச் சான்று வழங்கியவை அரசுகளல்ல, விளையாட்டுக் கழகங்களே. பிரான்சின் வான்கழகம் தனது முதலாம் இலக்கப் பத்திரத்தை 1909இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த லூயி பிளேரியோவுக்கு அளித்தது. பிரித்தானியாவின் அரச வான்கழகம் 1910 மார்ச்சில் மூர் பிராபசனுக்கு முதலாவது பத்திரத்தைக் கொடுத்தது. 1905இல் உருவான சர்வதேச வான்விளையாட்டுச் சம்மேளனத்தின் குடையின்கீழ் இக்கழகங்கள் இயங்கியதால், ஒன்றின் சான்றை மற்றது மதித்தது. கோல்மனின் பத்திரமும் அந்தச் சம்மேளனத்தின் பெயரில் வந்ததே.

முதலாம் உலகப் போர் இந்த நிலையை முடித்துவைத்தது. குண்டு வீசக்கூடிய பொருளாக விமானம் மாறியதும், தத்தம் வான்வெளி தத்தம் இறைமைக்கு உட்பட்டது என்று அரசுகள் கருதத் தொடங்கின. 1919 அக்டோபர் 13இல் கைச்சாத்தான பாரிஸ் உடன்படிக்கை, விமானிகளுக்குத் தகுதிச் சான்றும் அனுமதிப்பத்திரமும் வேண்டும் என விதித்தது. அவற்றை விமானம் எந்த நாட்டுக்கு உரியதோ அந்த நாடே வழங்கவேண்டும் என்பது ஏற்பாடு. அமெரிக்கா இதில் கைச்சாத்திட்டபோதும் அதனை உறுதிப்படுத்தவில்லை. 1927இல் அமெரிக்க அரசு முதலாம் இலக்க அனுமதிப்பத்திரத்தை ஓர்வில் ரைட்டுக்கு அளிக்க முன்வந்தபோது, தாம் இப்போது விமானம் ஓட்டுவதில்லை என்று கூறி அவர் அதனை ஏற்கவில்லை என்பது சுவையான செய்தி. மனிதனைப் பறக்கவைத்தவரின் கையில் அரசு முத்திரையிட்ட அந்தத் தாள் இருக்கவேயில்லை.

இன்றைய ஒழுங்கின் அத்திவாரம் 1944 டிசம்பர் 7இல் சிக்காகோவில் இடப்பட்டது. அங்கு உருவான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 32ஆம், 33ஆம் உறுப்புரைகளே நமது கேள்விக்குரியவை. 1948 ஏப்ரலில் ஏற்கப்பட்ட அதன் முதலாம் பின்னிணைப்பு, விமானிகளின் தகுதிக்கான குறைந்தபட்ச அளவுகோல்களை வகுத்தது. வர்த்தக விமானிக்கு 18 வயது நிறைந்திருக்கவேண்டும். பொதுவாக 200 மணித்தியாலப் பறத்தல் அனுபவம் வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிநெறி வழியாக வந்தால் 150 போதும். இலங்கையும் அதே 1948இல் இந்த உடன்படிக்கையில் இணைந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னர், 1947 டிசம்பர் 10ஆம் திகதி, எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்திருந்தது.

பெரும்பாலோர் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் 33ஆம் உறுப்புரையே. ஒரு நாடு வழங்கிய அனுமதிப்பத்திரம் குறைந்தபட்ச அளவுகோலை எட்டியிருந்தால் மற்ற நாடுகள் அதனை ஏற்கவேண்டும் என்று அது கூறுகிறது. இதைப் படிப்பவர், உலகெங்கும் செல்லும் பத்திரம் தம்மிடம் உள்ளதென்று மகிழ்ந்துவிடுகிறார். ஆனால் 32ஆம் உறுப்புரையையும் சேர்த்தே படிக்கவேண்டும். விமானி கையில் வைத்திருக்கவேண்டியது, அவர் ஓட்டும் விமானம் பதிவு செய்யப்பட்ட நாடு வழங்கிய அல்லது செல்லுபடியாக்கிய பத்திரம்.

ஒவ்வொரு விமானத்தின் உடலிலும் அதன் நாட்டைக் காட்டும் எழுத்துகள் இருக்கும். இலங்கைக்கு 4ஆர், இந்தியாவுக்கு விடி, பிரித்தானியாவுக்கு ஜி, அமெரிக்காவுக்கு என். இலங்கைப் பத்திரம் வைத்திருப்பவர் 4ஆர் விமானத்தை இலண்டனில் இறக்கலாம். பிரித்தானியா அவரைத் தடுக்கமாட்டாது. அதே மனிதர் அங்கே நிற்கும் ஜி எழுத்து விமானம் ஒன்றை ஓட்ட விரும்பினால், பிரித்தானியாவின் அனுமதி வேண்டும். அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கடமையை சிக்காகோ உடன்படிக்கை எந்த நாட்டின்மீதும் சுமத்தவில்லை.

இந்த அனுமதி இரு வகைப்படும். ஒன்று செல்லுபடியாக்கல். அந்நியப் பத்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதனோடு சேர்த்து ஓர் அங்கீகாரத்தைக் குறித்த காலத்துக்கு வழங்குவது. விமானிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்படும் நாடுகள் இதைப் பயன்படுத்துகின்றன. மூலப் பத்திரம் காலாவதியானால் அங்கீகாரமும் அதனுடனேயே போய்விடும். மற்றது மாற்றம். புதிய நாட்டின் சொந்தப் பத்திரத்தையே பெறுவது. இதற்கான நிபந்தனைகளை அந்தந்த நாடு தீர்மானிக்கிறது. அமெரிக்காவும் கனடாவும் 2006இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி ஒருவர் பத்திரத்தை மற்றவர் எளிதாக மாற்றிக் கொடுக்கின்றனர். ஐரோப்பாவோ முழுப் பரீட்சையையும் கேட்கிறது.

இது வெறும் அதிகாரிகளின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. உயரமானியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் காற்றழுத்தத்தை இரச அங்குலத்தில் சொல்வர், உலகின் பெரும்பகுதியில் ஹெக்டோபாஸ்கலில் சொல்வர். கட்டுப்பாட்டுக் கோபுரம் ஒன்பது ஒன்பது இரண்டு என்று 992 ஹெக்டோபாஸ்கலைச் சொல்லும்போது, அமெரிக்காவில் பழகிய விமானி பழக்கதோஷத்தால் 29.92 அங்குலம் என்று திருப்பிவிட்டால், விமானம் உயரமானி காட்டுவதைவிட ஏறத்தாழ 600 அடி தாழ்வாகப் பறக்கும். முகிலுக்குள் மலையடிவாரத்தில் இறங்கும் ஒருவருக்கு அந்த 600 அடிதான் உயிர். மொழியும் அப்படியே. 1996இல் இந்தியாவின் சர்க்கி தாத்ரி அருகே இரு விமானங்கள் வானில் மோதி 349 பேர் மாண்டபின், ஆங்கிலத் தேர்ச்சி பற்றிய கவலை வலுத்தது. 2008 மார்ச் முதல் சர்வதேசப் பறப்புகளுக்கு அத்தேர்ச்சிக்கான அளவுகோல் நடைமுறைக்கு வந்தது.

எனினும், பறக்கும் திறனில் எந்த மாற்றமும் இல்லாமல், அரசியலால் மட்டுமே பத்திரம் பெறுமதி இழந்த கதையும் உண்டு. 1999இலிருந்து ஐரோப்பிய நாடுகள் பொதுவான அனுமதிப்பத்திர விதிகளை நடைமுறைப்படுத்தின. பின்னர் ஒன்றியச் சட்டமே அதனை ஆண்டது. பிரித்தானியப் பத்திரத்தோடு பிரெஞ்சு விமானத்தை ஓட்ட எத்தடையும் இருக்கவில்லை. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 ஜனவரி முதலாம் திகதி அந்த உரிமை அற்றுப்போனது. முன்கூட்டியே தமது பத்திரத்தை அயர்லாந்து, ஒஸ்திரியா போன்ற நாடுகளுக்கு மாற்றிக்கொண்டவர்கள் ஐரோப்பியத் தொழிலைக் காத்துக்கொண்டனர். தாமதித்தவர்கள், முந்திய நாள் வரை தாம் சட்டப்படி ஓட்டிய விமானங்களை மீண்டும் ஓட்டுவதற்குப் பரீட்சை மண்டபத்துக்குச் செல்லவேண்டியதாயிற்று.

இதைவிடக் கசப்பானது பாகிஸ்தானில் நடந்தது. 2020 மே 22இல் கராச்சியில் பாகிஸ்தான் சர்வதேச விமான சேவையின் விமானம் வீழ்ந்து, அதிலிருந்த 99 பேரில் 97 பேர் இறந்தனர். அடுத்த மாதம் அந்நாட்டின் விமானப் போக்குவரத்து அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, பணியிலுள்ள 860 விமானிகளில் 262 பேர் தாமே பரீட்சை எழுதாதவர்கள் என்று அறிவித்தார். அந்த ஒரு பேச்சின் விளைவு எல்லை கடந்து பரவியது. வியட்நாம் தன்னிடம் பணிபுரிந்த பாகிஸ்தான் விமானிகளை நிறுத்திவைத்தது. வேறு நாடுகளும் சரிபார்ப்பைக் கோரின. ஐரோப்பாவுக்குள் அந்த விமான சேவை பறப்பதற்கு ஜூலை முதல் விதிக்கப்பட்ட தடை 2024 நவம்பரில்தான் நீங்கியது. பின்னர் நடந்த விசாரணைகளில் உண்மையாகப் பத்திரம் இரத்தானவர்களின் தொகை அந்த 262ஐவிட மிகக் குறைவே. இரவு பகலாகப் படித்து நேர்மையாகத் தேறியவர்களும் அதுவரை சந்தேகத்தின் நிழலில் நிற்க நேர்ந்தது.

பிற நாட்டு அதிகாரி ஒருவர் அனுமதிப்பத்திரத்தை கையில் எடுக்கும்போது முதலில் பார்ப்பது அதைக் கொடுத்த அலுவலகத்தைத்தான். அந்த அலுவலகம் பரீட்சையை ஒழுங்காக நடத்துகிறதா, பதிவேட்டைக் காக்கிறதா, கேட்டால் விடை அனுப்புகிறதா என்பவற்றின்மீதே விமானியின் வாழ்வு தங்கியிருக்கிறது. வைத்தியப் பட்டத்தோடும் ஆசிரியச் சான்றிதழோடும் புலம்பெயர்ந்து, புதிய நாட்டில் முதலிலிருந்து தொடங்கிய நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆதலால் காணியை ஈடுவைத்துப் பிள்ளையை வெளிநாட்டுப் பறத்தற் பள்ளிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர், எங்கே பயிற்சி மலிவு என்று விசாரிக்குமுன் வேறொன்றை விசாரிப்பது நல்லது. பிள்ளை நாளை ஓட்டவிருக்கும் விமானத்தில் எந்த நாட்டின் எழுத்து இருக்கும்? அந்த நாட்டின் சிவில் விமான அதிகார சபை, பெறப்போகும் பத்திரத்தை எந்த நிபந்தனையில் மாற்றிக் கொடுக்கும்? இவ்விரண்டுக்கும் அந்த அதிகார சபையிடமிருந்தே எழுத்தில் விடை பெற்றபின் பணத்தைக் கட்டலாம். பள்ளியின் விளம்பரத் துண்டில் உள்ள வாக்குறுதிக்கு எந்த அதிகார சபையும் பொறுப்பேற்பதில்லை.